சூனியக்காரி வரும் கதையைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவது எப்படி: ஒரு விட்ச் அம்மாவின் குறிப்புகள்

"அம்மா, நீ சின்னப் பிள்ளைங்களைச் சாப்பிடுவியா?"

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், மீன் வறுத்துக்கொண்டு நிற்கும்போது என் மகள் இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. வகுப்பில் கதை நேரம். ஆசிரியை கூர்த்தொப்பி போட்ட ஒரு படத்தைக் காட்டி, "விட்ச் எப்படிப்பட்டவள்?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் "கெட்டவள்" என்று கத்தியிருக்கிறார்கள். இவள் மட்டும் கையைத் தூக்கி, "எங்கம்மா விட்ச்தான்" என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்ததாம். சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமை விளையாட வருவதாக இருந்த தோழி வரவில்லை. காரணமும் சொல்லவில்லை.

"சாப்பிட மாட்டேன். மீன் ஆறுது, நீ முதல்ல சாப்பிடு" என்றேன். அன்றைக்கு அதற்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் என்னைப் போலப் பேகனாக, அதாவது இயற்கையையும் பழைய தெய்வங்களையும் கும்பிடுகிறவராக, இருக்க வேண்டியதில்லை. பிள்ளைக்குக் கதை படிக்கிற யாருக்கும் இது உதவும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் நாகர்கோவில். இப்போது இங்கிலாந்தில், லங்காஷயரில் பர்ன்லிக்குப் பக்கம் இருக்கிறேன். மருந்துக் கடையில் வேலை. கணவர் இந்த ஊர்க்காரர், அவர் வழியாகத்தான் விக்கா என்ற பேகன் வழி எனக்குப் பழக்கம். அதில் இருக்கிற பலர் தங்களை விட்ச் என்று சொல்லிக்கொள்வோம். தீட்சை வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. நிலவு, பருவம், வருடத்துக்கு எட்டுப் பண்டிகை, யாருக்கும் தீங்கு செய்யாதவரை உன் விருப்பப்படி செய் என்ற ஒரு விதி, பெரும்பாலும் இவ்வளவுதான் எங்கள் வழி. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். சூனியத்துக்கு எதிரான சட்டத்தின் கடைசி மிச்சத்தை இந்த நாடு 1951-ல்தான் எடுத்தது. மூன்றே வருடத்தில், 1954-ல், ஜெரால்ட் கார்ட்னர் புத்தகம் எழுதி எங்கள் வழியை ஊரறியச் சொன்னார். அவரும் இந்த லங்காஷயரில் பிறந்தவர்தான். 1900-ல், பதினாறு வயதில், இலங்கையில் மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அவர் பார்த்த முதல் தமிழர்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

சரி, கதைக்கு வருவோம்.

முதலில் நீங்கள் தனியாகப் படித்துவிடுங்கள்

கெட்ட சூனியக்காரி எல்லாம் ஒரே ஜாதி இல்லை. எந்த வகை என்று தெரிந்தால்தான் எங்கே நிறுத்திப் பேசலாம் என்று தெரியும்.

சுலபமானவள் ராணி வகை. 1950-ல் வந்த நார்னியா கதையின் வெள்ளைச் சூனியக்காரி இந்த ரகம். அழகாக இருப்பாள். தொப்பி, மரு, வளைந்த மூக்கு ஒன்றும் கிடையாது. நாட்டையே பனியில் உறைய வைப்பாள், பிடிக்காதவர்களைக் கல்லாக்குவாள். அவள் கெட்டவள் என்பது அவள் செய்கையிலிருந்து தெரிகிறது. இப்படிப்பட்ட கதையில் நான் வாயே திறப்பதில்லை. இந்த நார்னியா வரிசையில் மரத்துப் பெண்கள், ஆட்டுக்கால் மனிதர்கள், ஒரு இடத்தில் மதுவின் கடவுள் பாக்கஸ்கூட நல்லவர் பக்கம்தான் நிற்கிறார்கள். எழுதியவர் தீவிரக் கிறிஸ்தவர். எங்கள் ஆட்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு விட்சை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார். எனக்கு அதில் ஒரு செல்லக் கோபம் உண்டு, அவ்வளவுதான்.

அடுத்தது காட்டுக் கிழவி. ஹேன்சல், கிரேட்டல் கதையில், காட்டில் விடப்பட்ட அண்ணன் தங்கையைப் பிடித்துத் தின்னப் பார்த்து, கடைசியில் தன் அடுப்பிலேயே தள்ளப்படும் ரொட்டி வீட்டுக்காரி. சிவந்த கண், தூரப் பார்வை கிடையாது, ஊன்றுகோல். கிரிம் சகோதரர்கள் இதை 1812-ல் அச்சிட்டபோது பிள்ளைகளைக் காட்டில் விடச் சொன்னவள் பெற்ற தாய்தான். 1840 பதிப்பில் அவளைச் சித்தியாக மாற்றிவிட்டார்கள். தாய் அப்படிச் செய்வாளா என்று சங்கடமாக இருந்திருக்கும். பெற்றவளைக் காப்பாற்றியாகிவிட்டது. காட்டுக் கிழவியைக் காப்பாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

இங்கே நான் ஒரு கேள்வி கேட்பேன். "இந்தப் பிள்ளைங்களைக் காட்டுல விட்டது யாரு?" பெரும்பாலான பிள்ளைகள் ஒரு நொடி யோசிப்பார்கள், ஏனென்றால் கதை அவர்களை அதற்குள் அடுப்புப் பக்கம் கூட்டிப் போயிருக்கும். அந்த ஒரு நொடி போதும். பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது வகைதான் எனக்குக் கஷ்டம். "சூனியக்காரி சாதாரணப் பெண் போலவே இருப்பாள், பக்கத்து வீட்டிலும் இருக்கலாம்" என்று சொல்லும் கதைகள். 1983-ல் ரோல்ட் டால் எழுதியது இதற்குப் பேர்போனது. அதில் விட்ச் என்றாலே பெண்தான். தலை மொட்டை, அதை மறைக்க விக். கையில் நகத்துக்குப் பதில் வளைந்த கூர்நகம், அதை மறைக்க கையுறை. காலில் விரல் கிடையாது. இப்போது உங்களுக்கு இதைப் படித்துக்காட்டுகிற டீச்சர்கூட விட்சாக இருக்கலாம் என்று பிள்ளையைப் பார்த்தே சொல்கிறது. நன்றாக எழுதியிருக்கிறார், அதை மறுக்க முடியாது. என் மகன் வயிறு குலுங்கச் சிரிப்பான். ஆனால், பெண்ணின் உடம்பில் அடையாளம் தேடு என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைப் படிக்கும்போது எனக்கு முதுகு சில்லிடும். சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களைப் பிடித்துக் கொன்ற காலத்தில், விசாரணை என்ற பெயரில் பெரியவர்கள் செய்ததும் அதுதான். மருவைத் தேடினார்கள், மச்சத்தைத் தேடினார்கள், ஊசியால் குத்திப் பார்த்தார்கள்.

இந்த வகையைப் படிக்க என் வழி இது. எட்டு வயதுக்கு முன் வேண்டாம். படிக்கும்போது அடையாளப் பட்டியல் வரும் பக்கத்தில் நிறுத்துங்கள். பிள்ளையோடு சேர்ந்து வீட்டில் இருப்பவர்களைச் சோதித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் கணவருக்கு மொட்டைத் தலை. குளிரில் எல்லோரும் கையுறை. என் சுண்டுவிரல் செருப்பு கடித்து வளைந்திருக்கும். பத்து நிமிடத்தில் நாங்கள் நாலு பேருமே விட்ச் ஆகிவிட்டோம். பட்டியலை வைத்துப் பார்த்தால் யாரும் தப்ப மாட்டார்கள் என்பதை என் மகள் சிரித்துக்கொண்டே கண்டுபிடித்தாள். நான் பாடம் எடுத்திருந்தால் தூங்கியிருப்பாள்.

குரலை மாற்றாதீர்கள்

இது என் சொந்தத் தப்பு. ரொட்டி வீட்டுக் கிழவி வந்ததும் நான் பல்லில்லாத குரலில், இழுத்து இழுத்துப் படிப்பேன். பிள்ளைகளுக்கும் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஊருக்குப் பேசினோம். என் ஆச்சிக்கு எண்பத்து நாலு வயது. மேல்வரிசையில் ஒரு பல்லும் இல்லை. விறகடுப்புப் புகையிலேயே வாழ்ந்ததில் கண் எப்போதும் சிவப்பு. போனில் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, "எம் மக்கா, சாப்பிட்டியா?" என்றார். என் மகன், அப்போது மூன்று வயது, சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

ஆச்சி, "வெக்கப்படுதான்" என்று சிரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதிலிருந்து கெட்டவளுக்கு என் சாதாரணக் குரல்தான். பயம் குறையவில்லை, இன்னும் கூடியது. அமைதியான குரலில் "உள்ளே வா கண்ணு, பயப்படாதே" என்று படித்துப் பாருங்கள்.

தமிழில் எந்தச் சொல்?

தமிழில் கதை சொல்கிறவர்களுக்கு இது பெரிய சிக்கல். ஆங்கிலத்தில் விட்ச் என்ற சொல்லை எங்களைப் போன்றவர்கள் விரும்பி எடுத்துக்கொண்டோம். தமிழில் சூனியக்காரி என்றால் அப்படி யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பில்லி, ஏவல், செய்வினை என்று அதோடு ஒரு ஊரே ஒட்டிக்கொண்டு வரும். அது விளையாட்டுச் சொல்லும் இல்லை. இந்தியாவில் சூனியக்காரி என்று பட்டம் கட்டிப் பெண்களை அடித்துக் கொல்வதைத் தடுக்க பீகார் 1999-ல் தனிச் சட்டம் போட வேண்டிவந்தது. ஜார்க்கண்ட் 2001-ல் போட்டது.

அதனால் நான் மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். கதையில் கெட்டவளாக வந்தால் மந்திரக்காரி, அல்லது கதை தருகிற பெயர். என்னைப் பற்றிப் பேசும்போது விட்ச், அப்படியே. சூனியக்காரி என்ற சொல்லை, மனிதர்கள் ஒரு பெண்ணின் மேல் பழி சுமத்தும் இடத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். "அவளைச் சூனியக்காரின்னு சொன்னாங்க" என்றுதான் என் வாயில் வரும். இந்தக் கட்டுரைத் தலைப்பிலும் மேலே சில இடங்களிலும் அந்த விதியை மீறியிருக்கிறேன். தலைப்பில் வேறு சொல் போட்டால் நீங்கள் உள்ளே வந்திருப்பீர்களா?

வேஷத்தைக் கண் முன்னால் போட்டுக் கழற்றுங்கள்

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 1939-ல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் பச்சை முகத்தோடு கெட்ட விட்சாக நடித்த மார்கரெட் ஹாமில்டன், நடிக்க வருமுன் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1975-ல் அமெரிக்காவில் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றுக்கு வந்து, அந்தக் கறுப்பு உடையை ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டினார். பாவாடை, மேலங்கி, கடைசியில் தொப்பி. ஒரு பாட்டி கொஞ்சம் கொஞ்சமாக விட்ச் ஆவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

நாங்கள் வீட்டில் அதையேதான் செய்தோம். கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டித் தொப்பி. பச்சை நிறத்துக்கு முகச்சாயம். அந்தப் பச்சை அந்தப் படத்தால் பரவியதுதான், 1900-ல் வந்த மூலக் கதையில் அவளுக்கு ஒற்றைக் கண்தான் அடையாளம், பச்சை முகம் இல்லை. மகன் எனக்குப் பூசினான், பிறகு அவனே வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தான். காதுக்குப் பின்னால் கொஞ்சம் விட்டுவிட்டான். மறுநாள் கடையில் ஒரு வாடிக்கையாளர் அதைப் பார்த்து, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

அந்தக் கதையை எழுதிய ஃபிராங்க் பௌமின் மாமியார் மட்டில்டா ஜோஸ்லின் கேஜ், பெண்கள் ஓட்டுரிமைக்காகப் போராடியவர். சூனியம் என்று சொல்லிப் பெண்களைக் கொன்றதைப் பற்றி 1893-ல் எழுதியவர். மருமகன் கதையில் நல்ல விட்சும் வருகிறாள். விட்ச் எல்லாம் கெட்டவர்கள் என்றுதான் நினைத்தேன் என்று கதாநாயகி டோரதி சொல்வாள், அது தப்பு என்பார்கள். மாமியார் பேச்சைக் கேட்ட மருமகன் என்று எங்கள் வட்டத்தில் கிண்டலாகச் சொல்வோம்.

வரலாற்றை எப்போது சொல்வது

எட்டு வயதுக்கு மேல். அதுவும் எண்ணிக்கையிலிருந்து தொடங்காதீர்கள். பேகன்களுக்குள்ளேயே ஒரு பழைய பொய் உலாவுகிறது, ஐரோப்பாவில் தொண்ணூறு லட்சம் பெண்களை எரித்தார்கள் என்று. கேஜ் அம்மையாரும் அதை நம்பிப் பரப்பியவர்தான். வரலாற்றாசிரியர்கள் இன்று சொல்லும் கணக்கு ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர், அதில் ஆண்களும் உண்டு. இங்கிலாந்தில் பொதுவாகத் தூக்கில்தான் போட்டார்கள், எரிக்கவில்லை. நம் பக்க வேதனையைச் சொல்லும்போதுதான் கணக்கில் கறாராக இருக்க வேண்டும். பிள்ளை பதினாறு வயதில் தேடிப் பார்த்து, அம்மா பொய் சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொண்டால் மீதியையும் நம்பாது.

நான் ஊசியிலிருந்து தொடங்குவேன். 1612 மார்ச்சில், எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற பெண்டில் மலைப் பக்கம், அலிசன் டிவைஸ் என்ற ஏழைப் பெண் ஒரு நடை வியாபாரியிடம் குண்டூசி கேட்டாள். அவர் தரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் விழுந்தார், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இன்றைக்கென்றால் பக்கவாதம் என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். அலிசனே, தன் சாபம்தான் பலித்துவிட்டது என்று நம்பிவிட்டாள். வழக்கு அங்கே பிடித்துக்கொண்டது. ஆகஸ்ட்டில் லங்காஸ்டர் நீதிமன்றத்தில் அலிசனின் தங்கை ஜெனட்டை ஒரு மேஜை மேல் ஏற்றி நிறுத்தினார்கள். வயது ஒன்பது. பெற்ற தாய்க்கு எதிராகச் சாட்சி சொன்னாள். தாய் கதறியதால் அவளை வெளியே கொண்டுபோய்விட்டுப் பிள்ளையைப் பேசவைத்தார்கள். ஆகஸ்ட் 20-ஆம் தேதி பத்துப் பேரைத் தூக்கில் போட்டார்கள். ஜெனட்டின் அம்மா, அண்ணன், அக்கா மூவரும் அதில் உண்டு.

இருபத்திரண்டு வருடம் கழித்து, 1634-ல், அதே பகுதியில் எட்மண்ட் ராபின்சன் என்ற பத்து வயதுப் பையன் இன்னொரு கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தான். லண்டனுக்குக் கூட்டிப்போய் விசாரித்தபோது உண்மையைச் சொன்னான். மாடு ஓட்டி வர நேரமாகிவிட்டது, அடிக்குப் பயந்து, பெண்டில் விட்சுகளைப் பற்றிக் கேட்ட கதைகளை வைத்து இட்டுக்கட்டினானாம். அவன் சிக்கவைத்தவர்களில் ஜெனட் டிவைஸ் என்ற பெயரும் இருக்கிறது.

இதை என் மகளுக்குச் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணுக்கு ஒன்பது வயசுதானே, அவளைத் திட்டக்கூடாது" என்றாள். நான் அதுவரை பையனின் பொய்யை மட்டும் யோசித்திருந்தேன்.

பள்ளியில் பேசுவது

நான் செய்ததைச் செய்யாதீர்கள். மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன், அந்தப் புத்தகத்தை எடுத்துவிடச் சொன்னேன். புத்தகத்தை எடுக்கவில்லை. கதை நேரத்தில் என் மகளை வெளியே, வராந்தாவில், வேறு புத்தகத்தோடு உட்காரவைத்தார்கள். எனக்குச் செய்த மரியாதையாம்.

அப்புறம் நேரில் போய் நாலு வரி பேசினேன். கதையைப் படியுங்கள், எங்களுக்கும் பிடிக்கும். என் பிள்ளையையும் உட்காரவையுங்கள். விட்ச் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அவர்கள் வேறு, இந்தக் கதை வேறு என்று ஆரம்பத்தில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். "விட்ச் எப்படிப்பட்டவள்" என்பதற்குப் பதில் "இந்தக் கதையில் வருகிறவள் என்ன செய்தாள்" என்று கேளுங்கள். ஆசிரியை குறித்துக்கொண்டார். அந்த ஒரு கேள்வியை மாற்றியதே பெரிய வித்தியாசம்.

கெட்டவளைக் கழுவி நல்லவளாக்காதீர்கள்

எங்கள் வட்டத்து அம்மாக்களில் பாதிப் பேர் என்னோடு சண்டை போடுவது இங்கேதான். அவர்கள் வீட்டில் நல்ல விட்ச் கதைகள் மட்டும்தான். மூலிகை பறிப்பாள், பூனை வளர்ப்பாள், எல்லோருக்கும் சூப் கொடுப்பாள். என் பிள்ளைகள் இரண்டாம் பக்கத்தில் எழுந்து ஓடிவிடுவார்கள். அடுப்புக் கதவு டமாரென்று மூட வேண்டும் அவர்களுக்கு.

நான் வளர்ந்த ஊரும் அப்படித்தான். முப்பந்தல் பக்கம் இசக்கியம்மனுக்கு ஒரு கையில் பிள்ளை, வாயில் இன்னொரு பிள்ளை என்று மண்சிலை செய்து வைப்பார்கள். பிள்ளையைத் தின்கிறவள். பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுவதும் அவளுக்குத்தான். ஆச்சி என்னை அங்கே கூட்டிப்போகும்போது, "பயமா இருந்தா கையைப் பிடிச்சுக்க, ஆனா கண்ணை மூடாத" என்பார். நானும் கண்ணை மூடாமல்தான் கும்பிட்டேன்.

போன அக்டோபரில் ரஃப்லி கிராமத்துக்குப் போனோம். பெண்டில் வழக்கில் தூக்கிலிடப்பட்ட ஆலிஸ் நட்டருக்கு 2012-ல் அங்கே சாலையோரம் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். ஆள் உயரம், சாதாரண உடுப்பு, கையில் விலங்கு. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மகன் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனுக்கு ஏமாற்றம்.

"தொப்பியக் காணோமே, வீட்ல வச்சுட்டு வந்துட்டாங்களா?"

மகள் தன் மழைத்தொப்பியைக் கழற்றி உதறினாள். "பிடிச்சிட்டுப் போறப்ப தொப்பி எடுக்கவா விட்டிருப்பாங்க" என்றாள்.